பையில் குளுக்கோஸ், காலடியில் அலை!

ஆற்காடுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பிரியாணின்னு சொன்னீங்கன்னா, ஸாரி, அது இன்னும் கொஞ்சம் மேற்கே, ஆம்பூர். ராபர்ட் கிளைவ்னு சொன்னீங்கன்னா நீங்க ஹிஸ்டரியில பிட் அடிக்காம பாஸ் பண்ண பார்ட்டி. 1751-ல கோட்டைக்குள்ள அம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடிச்சாரே, அந்த ஊர்தான் எங்க ஊர். கோட்டை போயிடுச்சு, பாலாற்றங்கரையில டெல்லி கேட் மட்டும் நிக்குது. ஆனா எங்க ஊர்க்காரங்ககிட்ட கேட்டா இதெல்லாம் ரெண்டாம் பட்சம். முதல்ல சொல்றது மக்கன் பேடா! கோவாவையும் மைதாவையும் பிசைஞ்சு, நடுவுல முந்திரி, பாதாம்னு ஒளிச்சு வச்சு, பொரிச்சு, பாகுல ஊறப்போட்ட ஒரு உருண்டை. வாயில போட்டா ரெண்டு நிமிஷத்துக்குப் பேச்சு வராது.

இப்படிப்பட்ட ஊர்ல பிறந்த எனக்கு டைப் ஒன் சர்க்கரை நோய். கடவுளுக்கு காமெடி சென்ஸ் ஜாஸ்திங்க.

இன்னொரு காமெடியும் இருக்கு. எனக்குப் பிடிச்ச விளையாட்டு எல்லாமே தண்ணியில. நீச்சல், அப்புறம் ரெண்டு வருஷமா சர்ஃபிங். கடல் எங்க ஊர்லேருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல. ஊர்ல இருக்கற ஆத்துல வருஷத்துல முக்கால்வாசி நாள் மணல்தான் ஓடும். பேருதான் பாலாறு. கர்நாடகத்துல நந்தி மலையில பொறந்து, ஆந்திராவைத் தொட்டு, தமிழ்நாட்டுல 222 கிலோமீட்டர் ஓடுற ஆறுன்னு ஜாக்ரஃபி புக்ல இருக்கும். ஓடுறதைப் பார்க்க நீங்க அதிர்ஷ்டம் பண்ணியிருக்கணும்.

சரி, முதல்ல இந்த டைப் ஒன்னைப் பத்திச் சொல்லிடறேன். ஏன்னா, "இந்த வயசுலயே சுகரா? ரொம்ப ஸ்வீட் சாப்பிட்டியாம்மா?"னு நீங்களும் கேட்கப் போறீங்க. இல்லைங்க. ஸ்வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே ஆள் மாறாட்டம் பண்ணி, கணையத்துல இன்சுலின் தயாரிக்கிற செல்களை அடிச்சு நொறுக்கிடும். அதுக்கப்புறம் உடம்புல இன்சுலின் உற்பத்தி கிட்டத்தட்ட ஜீரோ. வெளியிலிருந்து ஊசி மூலமா போடலைன்னா ஆள் காலி. தாத்தாக்களுக்கு வர்ற டைப் டூ வேற, இது வேற. பாகற்காய் ஜூஸ், வெந்தயம், சிறுகுறிஞ்சான் பொடின்னு அட்வைஸ் பண்ற அத்தைமார்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. 1922-க்கு முன்னாடி இது வந்திருந்தா நான் செத்திருப்பேன், அவ்வளவுதான் விஷயம். அந்த வருஷம் ஜனவரியிலதான் கனடாவோட டொரான்டோவுல ஒரு 14 வயசுப் பையனுக்கு உலகத்துலயே முதல் தடவையா இன்சுலின் ஊசி போட்டாங்க.

எனக்கு 2018-ல வந்தது. எட்டாங்கிளாஸ். ராத்திரி முழுக்க பாத்ரூம், பகல் முழுக்க தாகம், ஒரே மாசத்துல யூனிஃபார்ம் தொளதொளன்னு ஆயிடுச்சு. ஒரு நாள் காலையில வாந்தி எடுத்து மயங்கினதுதான் தெரியும், கண் முழிச்சப்போ வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரி ஐ.சி.யூ. ஒன்பது நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தப்போ கையில ஒரு குளுக்கோமீட்டர், ஊசிங்க, ஒரு நோட்டு. அம்மா எனக்குச் சொன்ன முதல் விஷயம்: "யார்கிட்டயும் சொல்லாத. நாளைக்கு உனக்கு ஒரு நல்லது நடக்கணும்."

ரெண்டாவது விஷயம்: "இனிமே கிணத்துப் பக்கம் போகக்கூடாது."

முதலாவதைவிட ரெண்டாவதுக்குத்தான் நான் அழுதேன். திமிரி பக்கம் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், அதுல ஒரு பெரிய கிணறு. கல் படிக்கட்டு சுத்திச் சுத்தி இறங்கும். ஏழு வயசுல என் முதுகுல காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி, வேட்டித் துணியால இடுப்பைச் சுத்தி ஒரு முடிச்சுப் போட்டு, மறுமுனையை அவர் கையில பிடிச்சுக்கிட்டு, "குதி!"ன்னார். குதிச்சேன். ரெண்டாவது லீவுல கேனைக் கழட்டியாச்சு. மூணாவது லீவுல பம்ப்செட் ரூம் மேலேருந்து பல்டி! 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்'னு ஆயா முணுமுணுத்துக்கிட்டே கரையில துண்டோட நிப்பாங்க. உங்க ஊர்ல ஸ்விம்மிங் பூல் இருக்கலாம். ஆனா மே மாச ஆற்காட்டு வெயில்ல, மாமர நிழல் விழற கிணத்துத் தண்ணியோட அடி ஆழத்துல இருக்கற அந்தக் குளுமை... பூல்ல கிடைக்காதுங்க.

மூணு வருஷம் அந்தக் கிணத்தைக் கரையிலேருந்து பார்த்துக்கிட்டு மட்டும் இருந்தேன்.

2021 நவம்பர்ல ஒரு அதிசயம் நடந்தது. பாலாத்துல தண்ணி வந்தது. வந்ததுன்னா சாதாரணமா இல்லை, ரெண்டு கரையும் தளும்பத் தளும்ப, மரத்தையெல்லாம் பிடுங்கிக்கிட்டு. ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவுல இருக்கற பாலத்துல திருவிழாக் கூட்டம். பாட்டிங்க சூடம் ஏத்திக் கும்பிட்டாங்க. போலீஸ்காரர் விசில் ஊதி ஊதிக் களைச்சுப் போனார். நான் அப்போ ப்ளஸ் ஒன். அப்பாவோட போய் நின்னு பார்த்தேன். பதினாறு வயசுல என் சொந்த ஊர் ஆத்தை முதல் தடவையா முழுசாப் பார்க்கிறேன்!

"இறங்கலாமாப்பா?"ன்னு சும்மா கேட்டு வச்சேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! அப்புறம் மெதுவாச் சொன்னார், "தண்ணி அடங்கினாலும் இதுல இறங்கக்கூடாதும்மா."

ஏன்னு உங்களுக்குத் தெரியணும். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... பாலாற்றை ஒட்டி வரிசையா தோல் ஷாப்புங்க. (டேனரியை எங்க ஊர்ல தோல் ஷாப்புன்னுதான் சொல்லுவோம்.) பச்சைத் தோலைப் பதப்படுத்த உப்பு, சுண்ணாம்பு, குரோமியம்னு கணக்கு வழக்கில்லாம போகும். பல வருஷம் அந்தக் கழிவுத் தண்ணி ஆத்துலயும் வயல்லயும்தான் போச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996-ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு லா காலேஜ் பசங்களுக்கெல்லாம் மனப்பாடம்: மாசு பண்ணினவனே அதுக்கு விலை கொடுக்கணும். 2025 ஜனவரியில அதே பாலாற்றுப் பிரச்சனையில சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்ததுன்னா பார்த்துக்கோங்க, நடுவுல இருபத்தெட்டு வருஷம்! ராணிப்பேட்டை சிப்காட்டுல மூடிப்போன ஒரு குரோமேட் ஆலையோட கழிவு மலை மாதிரி குவிஞ்சு கிடந்ததால, 2006-ல உலகத்துலயே அதிகமா மாசுபட்ட பத்து இடங்கள்னு ஒரு அமெரிக்க அமைப்பு போட்ட லிஸ்ட்ல எங்க ஊர் பேரும் வந்தது. 2015 ஜனவரி கடைசியில ஒரு ராத்திரி அதே சிப்காட்டுல கழிவுத் தொட்டி உடைஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த 10 தொழிலாளிங்க செத்துப் போனாங்க.

இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கான்னு சில சமயம் யோசிப்பேன். அப்பா ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன். என் இன்சுலின், மீட்டர் ஸ்ட்ரிப், காலேஜ் ஃபீஸ் எல்லாம் அந்தத் தோல்லேருந்துதான் வருது. ஆத்தைக் கெடுத்ததும் அதுதான், என்னை உயிரோட வச்சிருக்கறதும் அதுதான். இந்தக் கணக்குக்கு எங்க மேத்ஸ் சார்கிட்டயும் விடை கிடையாது.

தோல், செருப்புன்னு வந்ததால ஒரு கிளைக்கதை. வேலூர் சி.எம்.சி-க்கு 1946-ல பால் பிராண்ட்னு ஒரு டாக்டர் வந்தார். தொழுநோயாளிங்களுக்குக் கை, கால் அழுகிப் போறது நோயால இல்லை, வலி தெரியாம போறதாலதான்னு கண்டுபிடிச்சவர். கல்லு குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது, அப்படியே நடந்து நடந்து புண்ணாயிடும். அதுக்காக வேலூர்லயும் பக்கத்துல கரிகிரி ஆஸ்பத்திரியிலயும் மெத்து மெத்துன்னு நுண்துளை ரப்பர்ல செருப்பு செஞ்சு பார்த்தாங்க. எம்.சி.ஆர் செருப்புன்னு இன்னைக்கு சர்க்கரைக்காரங்களுக்கு டாக்டருங்க எழுதிக் கொடுக்கறாங்களே, அதோட பூர்வீகம் இந்த மண்ணுதான். பிராண்ட் பின்னாடி அமெரிக்கா போய், இங்கே கத்துக்கிட்டதை அங்கே சர்க்கரை நோயாளிங்களோட காலுக்குப் பயன்படுத்தினார். எனக்குக் கால்ல உணர்ச்சி நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் தண்ணி விளையாட்டுக்குப் போறவ காலைத் தினமும் பார்க்கணும்னு டாக்டர் சொன்னதை இந்தக் கதை தெரிஞ்சதுக்கப்புறம்தான் சீரியஸா எடுத்துக்கிட்டேன். பாறை கீறினது, சிப்பி கிழிச்சது எதுவா இருந்தாலும் அன்னைக்கே கழுவி மருந்து.

சரி, கிணத்துக்கு வருவோம். பாலத்துல நின்ன அன்னைக்கு என் மூஞ்சியைப் பார்த்து அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. அடுத்த செக்-அப்ல அவரே டாக்டர்கிட்ட கேட்டார், "இவ நீச்சல் அடிக்கலாமா டாக்டர்?" டாக்டர் சிரிச்சுட்டார். "யார் வேணாம்னு சொன்னது?" மூணு வருஷத்துக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்ல? அம்மாவையும் குத்தம் சொல்ல முடியாது. ஐ.சி.யூ. வாசல்ல உட்கார்ந்திருந்தது அவங்கதானே.

பிரச்சனை எங்கேன்னு டாக்டர் பேப்பர்ல படம் போட்டுக் காட்டினார். இன்சுலின் சர்க்கரையை இறக்கும். உடற்பயிற்சியும் இறக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல சேர்ந்துச்சுன்னா 'லோ'. 70-க்குக் கீழே போனா கை நடுங்கும், வேர்க்கும், படபடக்கும், அப்புறம் மூளை குழம்பும், அதுக்கும் கீழே மயக்கம். கரையில மயங்கினா யாராவது தூக்குவாங்க. தண்ணியில? அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒண்ணு இருக்கு. தண்ணிக்குள்ள வேர்த்தா தெரியுமா? நடுங்கினா குளிருதுன்னு நினைச்சுக்குவோம். படபடத்தா மூச்சு வாங்குதுன்னு நினைச்சுக்குவோம். கரையில அலாரம் அடிக்கிற அத்தனை பெல்லும் தண்ணிக்குள்ள சைலன்ட் மோடு!

அதனால பெரியப்பா ஒரு சட்டம் போட்டார். கிணத்தோட மூணாவது படியில மீட்டர். இறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை விரலைக் குத்தணும், அரை மணிக்கு ஒரு தடவை ஏறி வந்து மறுபடி குத்தணும். சுமார் 125-லேருந்து 180 வரைக்கும் இருந்தா 'குதி'. அதுக்குக் கொஞ்சம் கீழேன்னா கொஞ்சம் குளுக்கோஸ் சாப்பிட்டுட்டு. 90-க்கும் கீழேன்னா சாப்பிட்டுட்டு உட்கார்ந்து, ஏறுதான்னு பார்த்துட்டு. 250-க்கு மேல இருந்து கீட்டோனும் இருந்தா அன்னைக்குக் கிணத்தை வேடிக்கை மட்டும் பார்க்கலாம். அவர் ஆறாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவர். ஆனா இந்த நம்பரெல்லாம் பம்ப்செட் ரூம் சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வச்சார். இன்னும் அழியலை. ஒவ்வொருத்தர் உடம்புக்கும் நம்பர் மாறும், உங்க டாக்டரைக் கேட்டு உங்க சுவத்துல எழுதிக்கோங்க.

இன்ஜினீயரிங் சேர்ந்ததுக்கப்புறம் கதை வேற ரூட்ல போச்சு. ஹாஸ்டல். ரூம்மேட் ஒருத்திக்கு மட்டும் தெரியும். மத்தவங்களுக்கு என் மீட்டர் பவுச், 'மேக்கப் கிட்'! மெஸ் சாப்பாட்டுக்கு முன்னாடி பாத்ரூம்ல போய் ஊசி போட்டுட்டு வருவேன். அம்மா சொன்ன முதல் விஷயத்தை ஒழுங்காக் காப்பாத்தினேன்னு வச்சுக்கோங்க.

செகண்ட் இயர்ல எங்க கேங் கோவளம் போச்சு. கிழக்குக் கடற்கரைச் சாலையில இருக்கற கோவளத்தைத்தான் சொல்றேன். மீனவ இளைஞர்கள் கட்டுமரத்துக்குப் பக்கத்துலயே சர்ஃப் போர்டையும் நிறுத்தி வச்சு, ஊர்ப் பசங்களுக்கும் வர்றவங்களுக்கும் கத்துக் கொடுக்கற ஊர். பக்கத்துல மாமல்லபுரம் இன்னும் பெரிய லெவல். 2023 ஆகஸ்ட்ல உலக சர்ஃப் லீக் போட்டியே அங்கே நடந்தது. 2025-ல ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தப்போ ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். வெளிநாட்டுக்காரன் விளையாட்டுன்னு நினைச்சது இன்னைக்கு நம்ம குப்பத்துப் பசங்க கையில. சும்மா சொல்லக்கூடாது, அலை மேல அவங்க நிக்கறதைப் பார்த்தா நமக்கே காலு பரபரங்கும்.

நாங்க போனது சின்ன இடம், பேர் வேண்டாம். ஏன்னா தப்பு முழுக்க என்னோடது. கிளாஸுக்கு முன்னாடி ஒரு ஃபாரம் கொடுத்தாங்க. பேர், வயசு, நீச்சல் தெரியுமா, உடம்புக்கு ஏதாவது பிரச்சனை உண்டா? சுத்தி ஆறு ஃப்ரெண்ட்ஸ். ஒருத்தன் என் தோள் மேல சாய்ஞ்சு எட்டிப் பார்க்கிறான். 'இல்லை'ன்னு டிக் அடிச்சேன்.

அன்னைக்கு நான் பண்ண முட்டாள்தனங்களை வரிசையாச் சொல்றேன், எண்ணிக்கோங்க. முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல்ல டான்ஸ் ஆடி லோ ஆகி, ரூம்மேட் எழுப்பி ஜூஸ் கொடுத்திருந்தா. பெரிய லோ வந்த 24 மணி நேரத்துக்குள்ள தண்ணியில இறங்கக்கூடாது, ஏன்னா அடுத்த லோவுக்கு உடம்பு சரியா எச்சரிக்கை கொடுக்காது. அதை மறந்தேன். காஞ்சிபுரம் ரோட்டுல ஒரு ஹோட்டல்ல நாலு இட்லிக்கு டோஸ் போட்டுட்டு, பஸ் ஹாரன் அடிச்சதும் ரெண்டோட எழுந்தேன். போட்டது தொடையில. கால் வேலை செய்யற விளையாட்டுக்கு முன்னாடி தொடையில போட்டா இன்சுலின் சீக்கிரமாவே ரத்தத்துல ஏறிடும். கடற்கரையில எல்லாரும் இருந்ததால மீட்டரை வெளியவே எடுக்கலை.

போதுமா?

முதல் இருபது நிமிஷம் சொர்க்கம். மணல்ல படுத்து பாப்-அப் பிராக்டீஸ், அப்புறம் தண்ணி. மெத்து போர்டு, கணுக்கால்ல லீஷ் கயிறு. மாஸ்டர் அண்ணன் பின்னாலேருந்து தள்ளிவிட்டு "எந்திரி!"ன்னு கத்துவார், நான் எந்திரிக்கறதுக்குள்ள போர்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒவ்வொரு தடவையும் விழுந்து, உப்புத் தண்ணி குடிச்சு, சிரிச்சு... ஒரு கட்டத்துல அண்ணன் "எந்திரி"ன்னு சொல்றது கேக்குது, அது என்னைச் சொல்றாருன்னு புரியலை. போர்டு எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியலை. எனக்குப் பயமே வரலைங்க. அதுதான் இப்ப நினைச்சாலும் பயமா இருக்கு. தண்ணி நல்லாக் குளுகுளுன்னு இருக்கே, கொஞ்சம் கண்ணை மூடலாமேன்னு தோணுச்சு.

அண்ணன் ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கார். மூணாவது தடவை கூப்பிடலை, நீந்தி வந்து போர்டோட சேர்த்து என்னைக் கரைக்கு இழுத்துட்டார். ரூம்மேட் ஓடி வந்து கத்தியிருக்கா, "அவளுக்கு சுகர் இருக்குண்ணா!" நான் அப்போ முழிச்சுத்தான் இருந்தேன், முழுங்கவும் முடிஞ்சது. அதனால டீக்கடையிலேருந்து தண்ணியில சர்க்கரையைக் கரைச்சுக் கொடுத்தாங்க. (மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தவே கூடாது, மூச்சுக்குழாயில போயிடும். நேரா ஆஸ்பத்திரிதான்.) கொஞ்ச நேரம் கழிச்சு விரலைக் குத்தினா 48. அதுவும் ஏறினதுக்கப்புறம்.

திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை. பக்கத்துல மணல்ல உட்கார்ந்தார். "கடல்ல எங்க பாறை இருக்கு, எங்க இழுக்கும்னு நான் உன்கிட்ட ஒண்ணு விடாம சொன்னேன்ல பாப்பா? உன் உடம்புல இருக்கறதை நீ என்கிட்ட சொல்லலியே"ன்னார். அவ்வளவுதான். எழுந்து அடுத்த பையனைக் கத்துக் கொடுக்கப் போயிட்டார்.

ஊருக்குத் திரும்பற பஸ்ல கேங் முழுக்க அமைதி. வாலாஜா வந்தப்போ ஒருத்தன் கேட்டான், "அந்த மேக்கப் கிட்..?" நான் திறந்து காட்டினேன். பஸ்ல பாதிப் பேர் விரலைக் குத்திப் பார்த்துக்கிட்டானுங்க. பதினஞ்சு ஸ்ட்ரிப் காலி. அப்பாகிட்ட எப்படிக் கணக்கு சொல்றதுன்னு எனக்குத் தனி டென்ஷன்!

அதுக்கப்புறம் வெறி வந்து, தண்ணி விளையாட்டுல இருக்கற என் இனத்து ஆளுங்களைத் தேடினேன். கிரிக்கெட்ல வாசிம் அக்ரம் இருக்கார், 1997-ல சுகர்னு தெரிஞ்சதுக்கப்புறமும் வருஷக்கணக்கா யார்க்கர் போட்டவர். தண்ணியிலன்னா அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியர். 1999-ல டைப் ஒன்னு தெரிஞ்சப்போ, 'உன் ஸ்விம்மிங் கேரியர் முடிஞ்சது'ன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் சிட்னி ஒலிம்பிக்ஸ், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல தங்கம். 2004 ஏதென்ஸ்ல அதே போட்டியில மறுபடி தங்கம்! மொத்தம் பத்து ஒலிம்பிக் மெடல். 2025 ஜனவரியில லாஸ் ஏஞ்சலீஸ்ல காட்டுத்தீ வந்தப்போ அவர் வீடு எரிஞ்சு போச்சு. ஓடறதுக்கு முன்னாடி கையில எடுத்தது என்ன தெரியுமா? நாய்க்குட்டி, தாத்தாவோட படம் மாதிரி ஒண்ணு ரெண்டு சாமான், அப்புறம் இன்சுலின். பத்து மெடலும் தீயில போயிடுச்சு. பின்னாடி ஒலிம்பிக் கமிட்டி புதுசாச் செஞ்சு கொடுத்தாங்க. மெடலைத் திருப்பி வார்க்கலாம், இல்லையா?

இன்னொரு விஷயமும் கண்ணுல பட்டது. ஸ்கூபா டைவிங்! 1975-லேருந்து பிரிட்டன்ல இன்சுலின் போடறவங்களுக்கு டைவிங் கிளப்ல தடை, 1991-லதான் எடுத்தாங்க. 2005-ல அமெரிக்காவுல டாக்டருங்களும் டைவர்களும் உட்கார்ந்து விதி எழுதினாங்க. இறங்கறதுக்கு ஒரு மணி முன்னாடி, அரை மணி முன்னாடி, இறங்கற நிமிஷம்னு மூணு தடவை டெஸ்ட். 150-க்குக் கீழே இருந்தாலோ, இறங்கிக்கிட்டே இருந்தாலோ டைவ் கிடையாது. 300-க்கு மேல போனாலும் கிடையாது. 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது, கூட வர்ற ஆளுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். எங்க பெரியப்பா சாக்பீஸ்ல எழுதினதும் கிட்டத்தட்ட இதேதான், அவர் பாட்டுக்கு நிலத்துல உட்கார்ந்து எழுதிட்டார்!

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி அதே கோவளம், அதே ஃபாரம். இந்தத் தடவை அந்தக் கட்டத்துல இடம் பத்தாம பின்பக்கம் வரைக்கும் எழுதினேன். அண்ணன் படிச்சுட்டு, "ஆங், இப்ப சொல்லு, நான் இன்னா பண்ணணும்?"னார்.

செய்யறது இவ்வளவுதான். காலை டிஃபனுக்கு டாக்டர் சொன்ன அளவு டோஸைக் குறைச்சு, வயித்துல ஊசி, ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் தண்ணி. ரேஷ் கார்டோட கைப்பக்கம் அம்மா தச்சுக் கொடுத்த சின்னப் பை, அதுக்குள்ள பிளாஸ்டிக் உறையில தேன், கூட ரெண்டு குளுக்கோஸ் மாத்திரை. அண்ணன் இடுப்புப் பையிலயும் ஒரு செட். அவர் என்னை அரை மணிக்கு ஒரு தடவை கரைக்கு விரட்டுவார். நடுவுல சம்பந்தமில்லாம, "பாப்பா, பதினேழும் எட்டும் எவ்ளோ?"ன்னு கேப்பார். டக்குன்னு பதில் வரலைன்னா வெளியே! (ஒரு தடவை லோவே இல்லாம தப்பாச் சொன்னேன். இன்ஜினீயரிங் மானம் போச்சு.)

மீட்டர்ல ஒரு சூட்சுமம். உப்புத் தண்ணி விரலோட குத்தினா ரீடிங் தப்பா வரும், தேன் பட்ட விரல்னா 300 காட்டிப் பயமுறுத்தும். நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, அப்புறம் குத்துங்க. கையில ஒட்டற சென்சார் வசதிதான், ஆனா என் ஃப்ரெண்ட் போட்டிருக்கற மாடல் ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம் வரைக்கும்தான் தண்ணி தாங்கும். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு மாத்தணும், விலை சில ஆயிரம். எங்க பட்ஜெட்டுக்கு விரல்தான் லாயக்கு. இன்சுலின் பேனாவை வெயில்ல வச்ச பேக்ல விட்டீங்கன்னா அது வெறும் தண்ணியாயிடும். ஆயா கொடுத்த சின்ன மண்குடுவையில ஈரத்துணி சுத்தி நிழல்ல வைக்கிறேன். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துலயே வேலூர் வெயிலைச் சமாளிச்ச டெக்னாலஜி. இன்னொண்ணு, கடல்ல ஆட்டம் போட்ட அன்னைக்கு ராத்திரிதான் ஜாக்கிரதையா இருக்கணும். தூக்கத்துல சுகர் இறங்கும். ரூம்மேட் ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எழுப்பி விடுவா, திட்டிக்கிட்டேதான்.

ஏழாவது கிளாஸ்ல நின்னேன். மூணு செகண்ட் இருக்கும். வீடியோவுல பார்த்தா மாடு எந்திரிக்கற மாதிரி இருக்கு. பரவாயில்லை.

இந்தக் கட்டுரை என் பேரோட வரப்போகுதுன்னதும், முதல்ல அம்மாகிட்ட போய்ப் படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டாங்க. ரொம்ப நேரம் எதுவும் சொல்லலை. அடுப்புல பால் பொங்கறதைக் கூட கவனிக்கலை. அப்புறம், "நாலு இட்லிக்கு ஊசி போட்டுட்டு ரெண்டு சாப்பிட்டியா? இதை ஏன்டி அன்னைக்கே சொல்லலை?"ன்னு ஒரே கத்து. பேரைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் கோவளம் கிளம்பறப்போ கையில ஒரு அட்டைப் பெட்டி கொடுத்தாங்க, "அந்தத் தம்பிக்கு."

மக்கன் பேடா.

அண்ணன் ஒண்ணை வாயில போட்டுட்டு ரெண்டு நிமிஷம் பேசலை. அப்புறம், "லோ ஆனா இதையே குடுத்துடலாமா?"ன்னார். கூடாதுண்ணா, இதுல இருக்கற கோவாவும் நெய்யும் சர்க்கரையை மெதுவாத்தான் ஏத்தும், அவசரத்துக்கு ஆகாதுன்னு சொன்னேன். "அப்ப உனக்கு?" எனக்கு அலை முடிஞ்சு, விரலைக் குத்தி, கணக்குப் போட்டு, ஊசியோட ஒண்ணு. பெட்டியில எனக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லிட்டு மீட்டரைப் பார்த்தேன். 142. போர்டைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.